சந்தியாயி பிறந்த வீடு

மத்தியானம் பன்னிரண்டரை மணி. ஆண்டிமடம் பக்கம், இரண்டு ஓரமும் முந்திரித் தோப்பு... நடுவில் ஒரு ஒற்றை ரோடு. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அந்த நேரத்தில் ஆடு மேய்க்கிறவன்கூட நிழல் பார்த்துப் படுத்துவிடுவான்.

அந்த ரோட்டில் ஒரு பெண் நடந்து போகிறாள். எட்டு மாத வயிறு. காலில் செருப்பு இல்லை. கக்கத்தில் ஒரு துணி மூட்டை.

பேய்க் கதையை மத்தியானத்தில் ஆரம்பிக்கிறீர்களே டீச்சர் என்று அறிவரசன் சார் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ராத்திரிதான் இப்போது நம்மைச் சுற்றி இருக்கிறதே... போதாதா. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. விடிந்தால் ஓட்டு, மிஷினை விட்டுவிட்டு யாரும் இந்த ஸ்கூலைத் தாண்டிப் போகவும் முடியாது. கீதாஞ்சலி மேடம், அந்த பெஞ்சைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம்.

இது என் அக்கா வீட்டுக்காரரின் தம்பிக்கு நடந்தது. பெயர் மரிய ஆல்பர்ட். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஃபாக்டரி லேபில் வேலை. எதையும் அரைத்து, சூடாக்கி, எடை போட்டுப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. மனைவி சுகன்யா மேரி கணக்கு டீச்சர். பேய் என்றால் இரண்டு பேருக்கும் சிரிப்புத்தான். போன வருஷம் மாசி மாதம், வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அவளை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வரதராஜன்பேட்டையைத் தாண்டி, முந்திரிக்காட்டை ஒட்டின வீடு. அம்மா மரிய புஷ்பம் மட்டும்தான் அங்கே.

வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டது.

புஷ்பம் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே பீரோ திறக்கிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வாசல் கேட்... கிரீச். எட்டிப் பார்த்தால் சுகன்யா ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறாள். ஓடிப் போய் மறித்தார்.

"எங்கடி போற இந்த வெயில்ல?"

"எங்க அப்பன் வூட்டுக்கு."

"இதுதாண்டி ஒங்க அப்பன் வூடு."

சுகன்யா திரும்பி வீட்டைப் பார்த்தாள். கூரையிலிருந்து படி வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"இது இல்ல," என்றாள்.

இழுத்துக்கொண்டு வந்து படுக்க வைத்தார். எழுந்ததும் தண்ணீர் கேட்டாள். உள்ளங்கால் ஏன் எரிகிறது என்று கேட்டாள். ரோட்டுக்குப் போனதே ஞாபகம் இல்லை.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு ஆல்பர்ட் வந்தார். தடுக்க வேண்டாம், பின்னாலேயே போய்ப் பார்ப்போம் என்று நினைத்தார். அவர் நினைப்பு அப்படித்தான் போகும்.

சுகன்யா தார் ரோட்டின் நடுவில் நடக்கிறாள். வெறுங்கால். சத்தமே இல்லை. ஆனால் ரோட்டோரத்தில், காய்ந்த முந்திரி இலை குவிந்து கிடக்கிற இடத்தில்... சரக். சரக். சரக். அவள் நின்றால் அது நிற்கிறது. அவள் காலை எடுத்து வைத்தால்... சரக். ஆல்பர்ட் ஓரத்தைப் பார்த்தார். இலை அமுங்குவது தெரிந்தது. மிதிக்கிற கால் தெரியவில்லை.

முந்திரிப்பழ வாடையை மீறிக்கொண்டு இன்னொரு வாடை வந்ததாம். ஈர வைக்கோல்... அதோடு மாட்டு வண்டி அச்சுக்குப் போடுகிற மசகு. அந்த ரோட்டில் மாட்டு வண்டி ஓடி எத்தனையோ காலம் ஆகிறது.

முன்னால் போய் நின்று அவள் கையைப் பிடித்தார். சுகன்யா கோபப்படவில்லை. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "வழி விடுங்கய்யா," என்றாள். "இருட்டுறதுக்குள்ள போவணும்."

கட்டின புருஷனிடம். யாரோ வழிப்போக்கரிடம் பேசுவதுபோல.

டாக்டரிடம் காட்டினார்கள். பிரஷர் ஏறியிருக்கிறது, இப்படி வெயிலில் நடந்தால் குழந்தை முன்கூட்டியே வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்டைப் பூட்டிப் பார்த்தார்கள். கொதிக்கிற கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த மத்தியானம் முழுக்க நின்றாள். நெற்றியில் கம்பியின் கோடு விழுந்து மறுநாள்வரை போகவில்லை. ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்தார். சுகன்யா முழங்காலிட்டு ஆமென் சொன்னாள், அவருக்கு காபி போட்டுக் கொடுத்தாள். அடுத்த நாள் மத்தியானம் மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

புஷ்பத்துக்குத்தான் முதலில் தோன்றியது. "மாப்ளே... இவ அப்பன் வூடு இது இல்லைன்னா, வேற யாரோட அப்பன் வூட்டையோ தேடுறா. நான் பொறந்த வூட்டுக்குக் கூட்டிப்போயிப் பாப்பமா?"

உடையார்பாளையம் பக்கம் அந்த வீடு. புஷ்பத்தின் அண்ணன் குடும்பம் இருக்கிறது. மத்தியானத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சுகன்யா பார்த்தாள். "இது இல்ல."

அடுத்து, இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போய், புஷ்பத்தின் அம்மா லூர்தம்மாள் பிறந்த வீடு. அது ஏலாக்குறிச்சிப் பக்கம், ஓட்டு வீடு, பூட்டிக் கிடக்கிறது. அங்கே போனதும் சுகன்யா காரை விட்டே இறங்கவில்லை. மூட்டையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"இங்கேருந்துதான் கெளம்புனேன்," என்றாள்.

ஆல்பர்ட் மாமியாரைப் பார்த்தார். "அத்தை, இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்தது யாரு?"

"எங்க அம்மாவப் பெத்தவங்க. பேரு சந்தியாயி. எங்க அம்மாவுக்கே அவங்க மொகம் தெரியாது. அம்மா பொறந்தன்னைக்கே அவங்க செத்துட்டாங்கன்னு சொல்வாங்க."

"எந்த ஊருப் பொண்ணு? யாரு மவ?"

"தெரியலையே மாப்ளே. எங்க அம்மா கேட்டா பெரியவங்க பேச்ச மாத்திருவாங்களாம்."

சொந்தக்காரர்கள் யாருக்காவது தெரிந்திருக்காதா என்று கீதாஞ்சலி மேடம் கேட்கிறார். ஆல்பர்ட்டும் அதைத்தான் செய்தார். வீடு வீடாகப் போனார். சந்தியாயியின் புருஷனுக்கு அப்பன், பாட்டன், பூட்டன் வரைக்கும் எல்லோரும் வரிசையாகச் சொன்னார்கள். சந்தியாயியின் அப்பன் பெயரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நம் வீட்டிலேயே யோசித்துப் பாருங்கள் மேடம். உங்கள் அம்மாவின் அம்மா பிறந்த ஊர் தெரியும். அவருக்கும் அம்மா ஒருவர் இருந்தாரே... அவர் யார் மகள்?

கடைசியில் ஆல்பர்ட் கோயிலுக்குத்தான் போனார். அந்தப் பக்கத்துப் பழைய பங்குக் கோயில்... சர்ச்தான். எந்தக் கோயில் என்று வேண்டாம். அங்கே கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் பழைய கல்யாணப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் லத்தீன். வயதான ஃபாதர் ஒருவர் விரல் வைத்து வைத்துப் படித்துச் சொன்னார்.

மாப்பிள்ளை பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் இருந்தது. பெண் பெயர் சந்தியாயி. பக்கத்தில் ஒரு சொல்.

"புதுசா ஞானஸ்நானம் வாங்குனவங்கன்னு அர்த்தம்," என்றார் ஃபாதர். "கல்யாணத்துக்கு மொத நாள்தான் வாங்கியிருக்காங்க. சந்தியாயிங்கிறது கோயில்ல வெச்ச பேரு."

"பொறந்தப்ப வெச்ச பேரு?"

"எழுதல."

"அப்பா பேரு, ஃபாதர்?"

அப்பா பெயர் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு இருந்தது. மை தொட்டு, அழுத்தி இழுத்த கோடு. ஊரும் இல்லை.

ஆல்பர்ட் விடவில்லை. அடுத்து லூர்தம்மாளின் ஞானஸ்நானத்தைத் தேடச் சொன்னார். அது கிடைத்தது. ஃபாதர் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பொறந்த எடம்னு இருக்குற எடத்துல ஊரு பேரு இல்லப்பா. 'வழியில்'னு போட்டிருக்கு."

பிள்ளையைக் கொண்டுவந்தது பெற்றவர்கள் இல்லை. ஓர் இந்து வண்டிக்காரர். ஊர் ஓலைமேடு. தாய் இறந்துவிட்டாள் என்று ஒரு வரி. ஆனால் அந்த வருஷத்து அடக்கப் புத்தகத்தில் சந்தியாயி இல்லை. அடுத்த வருஷத்திலும் இல்லை. அவளை அந்தக் கோயில் கல்லறையில் புதைக்கவே இல்லை.

ஆல்பர்ட் அந்தப் பக்கத்தின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஈர வைக்கோல்... வண்டி மசகு.

ஓலைமேடு எங்கே இருக்கிறது என்கிறீர்களா. இதே குன்னம் தாலுகாதான். இங்கிருந்து மேற்கே. வேண்டாம் சார், ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டாம். இருட்டில் ஒன்றும் தெரியாது.

அந்த வண்டிக்காரரின் ஊருக்கு மறுநாள் காலையிலேயே காரில் கிளம்பினார்கள். ஆல்பர்ட், சுகன்யா, புஷ்பம் மூன்று பேர். அரியலூர் வரைக்கும் சுகன்யா நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். பத்தாம் வகுப்புப் பசங்களுக்கு மாற்று டீச்சர் போட்டார்களா இல்லையா என்று கவலைப்பட்டாள். அரியலூர் தாண்டியதும் பேச்சு நின்றது. குன்னம் தாண்டி, கரிசல் காடு வந்ததும், நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரோட்டில் பாதிக்கு மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். ஆல்பர்ட் வண்டியை மெதுவாக விட்டார்.

"நிறுத்துங்கய்யா," என்றாள்.

இறங்கி நடந்தாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. புதிதாகக் கட்டின மாடி வீடு ஒன்று. முன்வாசலை அவள் பார்க்கவே இல்லை. சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், பருத்திக் காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், வெயிலில் நின்றாள். கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். ஜானகி என்று பெயர்.

"யாரும்மா... மாசமா இருக்குற புள்ள வெயில்ல நிக்கிறியே. உள்ள வா."

சுகன்யா வரவில்லை. "தண்ணி குடு," என்றாள். ஜானகி சொம்பை நீட்டினார். சொம்பை வாங்காமல் இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள். ஊற்ற ஊற்றக் குடித்தாள்.

அதற்குள் ஜானகியின் வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஆண்டவர் என்று பெயர், அறுபதைத் தாண்டின மனிதர். ஆல்பர்ட் வந்த காரியத்தைச் சொன்னார். உங்கள் வீட்டுப் பெண் யாராவது அந்தக் காலத்தில் கிறிஸ்தவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனார்களா என்று கேட்டார்.

"அப்படி யாரும் இல்லீங்க. எங்க தாத்தாவுக்கு ஒரே ஒரு தங்கச்சி. அதுவும் பதினாறு வயசுல கன்னியாவே செத்துப்போச்சு. அதத்தான் நாங்க வூட்டுச்சாமியா கும்புடுறோம். வருஷா வருஷம் தை மாசம் பாவாடை சட்டை வெச்சுப் படைப்போம்."

"எப்படிச் செத்தாங்க?"

ஆண்டவர் யோசித்தார். "அது தெரியாதுங்க. எங்க பூட்டன் வேலாயுதம் காரியம் பண்ணி, ஊருக்கே சோறு போட்டாரும்பாங்க."

புஷ்பம் முன்னால் வந்தார். "அண்ணே, அவங்க சாவல. அவங்க வவுத்துல பொறந்தவதான் எங்க அம்மா. வழியில பொறந்தா. ஒங்க ஊரு வண்டிக்காரருதான் கோயில்ல கொண்டாந்து குடுத்தாரு."

"செத்தவங்க எப்படிம்மா புள்ள பெத்துக்குவாங்க?" என்றார் ஆண்டவர். கேட்டுவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நின்றார். வேற்று மதத்தில் கட்டிக்கொண்டு போனவளுக்கு, உயிரோடு இருக்கும்போதே பூட்டன் காரியம் பண்ணியிருக்கிறார்.

சுகன்யா அப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். வலி. புடவையின் கீழ்ப் பக்கம் நனைந்துகொண்டே வந்தது. ஆல்பர்ட் அவளைத் தூக்கப் போனார். அவளை அசைக்க முடியவில்லை. தரையில் நட்ட கல்லை அசைப்பதுபோல இருந்ததாம்.

"உள்ள வாம்மா, கெஞ்சிக் கேக்குறேன்," என்றார் ஜானகி.

"கூப்புட்டாத்தான் வருவேன்."

"கூப்புடுறேனே."

"நீ இல்ல." ஆண்டவரைப் பார்த்தாள். "வூட்டு ஆம்பள. பேரு சொல்லி."

ஆண்டவர் ஓரடி பின்னால் போனார். "சாமி பேரச் சொல்ற வழக்கம் எங்க வூட்டுல இல்ல. சொன்னா எறங்கி வந்துரும்னு எங்க அப்பாரு சொல்லியிருக்காரு. சொல்லவே கூடாதும்பாரு. படைக்கிறப்பகூட இந்தக் கொல்லக் கதவச் சாத்திட்டுத்தான் படைக்கணும்பாரு. ஏன்னு கேட்டா அடிப்பாரு."

ஜானகி புருஷனின் கையைப் பிடித்தார். "வர்றதுக்குத்தானே இவ்வளவு காலமா வெளிய நிக்குது. ஒரு பொம்பளப் புள்ள வவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப என்ன வழக்கம்? கூப்புடுங்க."

ஆண்டவர் நிலைப்படியில் போய் நின்றார். தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவோமே... அந்த மாதிரிதான் குரல் வந்ததாம் அவருக்கு.

"பொன்னாயி... வெயில்ல நிக்காத. உள்ள வா."

"வரேன்."

ஆல்பர்ட் சுகன்யாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாய் மூடியிருந்தது. குரல் அவளுக்குப் பின்னால், பருத்திக் காட்டிலிருந்து வந்தது.

சுகன்யா நடந்தாள். கதவு நல்ல உயரமான கதவு. ஆல்பர்ட் மாதிரி ஆளே நிமிர்ந்து போகலாம். அவள் நிலைப்படிக்கு வந்ததும் தலையை நன்றாகக் குனிந்து, உள்ளே போய், அப்புறம் நிமிர்ந்தாள்.

ஆண்டவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பழைய வீட்டில் அந்த இடத்தில் மிகத் தாழ்வான நிலை இருந்ததாம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது இடித்தது. புதிதாக வருகிறவர்கள் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். வீட்டு ஆட்கள் மட்டும் பழக்கத்தில் குனிந்துவிடுவார்களாம்.

உள்ளே வெறுந்தரையில் சுகன்யா ஒருக்களித்துப் படுத்தாள். படுத்த உடனே கண் விழித்து, "என்னங்க... இது யாரு வூடு? எனக்கு வலிக்குதுங்க," என்றாள். அவள் குரல்தான். ஆல்பர்ட் அவளைத் தூக்கினார். இந்தத் தடவை தூக்க முடிந்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி நல்ல சுகம். பொன்னாயி என்றே பேர் வைத்துவிடலாமா என்று புஷ்பம் கேட்டார். "அந்தப் பேரு அவங்களுக்கே இருக்கட்டும்மா," என்றாள் சுகன்யா. பிறகு ஒரு மத்தியானமும் அவள் ரோட்டுப் பக்கம் போனதில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஆல்பர்ட் சின்னக் கல் ஒன்று செய்து, லூர்தம்மாள் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தார். வேலாயுதம் மகள் பொன்னாயி என்று அதில் வெட்டியிருக்கிறது. நானே போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இல்லை மேடம், முடியவில்லை.

தை மாதம் ஆல்பர்ட்டுக்கு ஒரு ஃபோன் வந்தது. ஜானகி அம்மாள். படைக்கும்போது இந்த வருஷம் பாவாடைக்குப் பதில் புடவை வைத்ததாகச் சொன்னார். கொல்லைக் கதவையும் திறந்தே வைத்தார்களாம். நல்ல காரியம் செய்தீர்கள் என்று ஆல்பர்ட் சொன்னார்.

 ஜானகி ஃபோனை வைக்கவில்லை.

"தம்பி... பொன்னாயி உள்ள வந்துருச்சு. அது சத்தமில்லாம இருக்கு. எங்களுக்கு அதுனால ஒண்ணும் இல்ல. ஆனா அன்னைக்கு அவரு பேரு சொல்லிக் கூப்புட்டாரு பாருங்க... அது மத்ததுங்களுக்கும் கேட்டிருக்கு."

"மத்ததுங்கன்னா யாருங்கம்மா?"

"தெரியல. மத்தியானம் ஆனா கொல்லையில ஆள் நிக்கிற மாதிரி இருக்கு. வளவி சத்தம் கேக்குது. நேத்து அடுப்புச் சாம்பல வாசப்படி வரைக்கும் தூவி வெச்சுப் பாத்தேன். எல்லாம் பொம்பளக் காலு தம்பி. சின்னது, பெருசு... எல்லாம் கதவப் பாத்து நிக்குது. ஒண்ணுகூட உள்ள வரல. ஒண்ணுகூடத் திரும்பிப் போகல. இந்த வம்சத்துல இப்படி வெளிய போன பொம்பளைங்க யாருன்னு இவரு பங்காளி வூட்டுல எல்லாம் கேட்டுப் பாத்துட்டாரு. யாரு பேரும் யாருக்கும் தெரியல."

 கோயிலில் வேண்டுமானால் ஃபாதரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் ஆல்பர்ட்.

"கேளுங்க தம்பி. பெரியவங்களுக்காவது எங்கயாச்சும் ஒரு பேரு இருக்கும்." ஜானகி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னைக்குச் சாம்பல்ல புதுசா ஒண்ணு. காலு இல்ல. ரெண்டு உள்ளங்கை... பின்னாலயே ரெண்டு முட்டி. தவழ்ந்து வந்திருக்கு. பேரு வெக்கிறதுக்கு முன்னாடியே போன புள்ள போல. அதை நான் என்ன சொல்லித் தம்பி கூப்புடுறது?"